சனிக்கிழமை மீன்

ததேயு சாமியாருக்கு மீன் வாங்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. திண்டுக்கல் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்து வளர்ந்த மனிதர். சிலுவைத்துறைக்குப் பங்குச் சாமியாராக வந்து இத்தனை வருடம் ஆகியும், செவுளைத் தூக்கிப் பார்க்கச் சொன்னால் கூசுவார். சனிக்கிழமை காலையில் அவர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏலக்கூடத்துக்குள் நுழைந்தால் வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொள்வார்கள். ஐஸில் கிடந்து அலுத்துப்போன மீன் ஒன்று அவர் தலையில் கட்டப்படும். அவரும் சந்தோஷமாக வாங்கி, வாலைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு பெர்பெத்தா வீட்டுக்கு நடப்பார்.

பெர்பெத்தாவுக்குத் தொழிலே மீன் விற்பதுதான். மீன்காரிக்கு மீன் கொண்டுபோய்க் கொடுக்கும் சாமியாரை ஊர் சும்மா விடுமா?

"என்ன சாமி, கடலுக்கு உப்பு சுமக்கீயளா?" என்று கேட்பார்கள்.

"விக்கிறவ எங்கப்பா நல்ல மீனைத் திங்கிறா? அதான்," என்பார் சாமியார்.

அது பொய்யில்லை. ஆனால் அதுவே முழுக் காரணமும் இல்லை. முழுக் காரணம், ஒருவன் தன் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்ட ஒரு பாவசங்கீர்த்தனத்துக்குள் கிடந்தது. அதை அவர் பிஷப்புக்கும் சொல்ல முடியாது, போலீசுக்கும் சொல்ல முடியாது. கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டாலும் சொல்லக் கூடாது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கு முந்தின சாயந்திரம் இராயப்பர் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டம் இருக்கும். அந்தப் பாவசங்கீர்த்தனம் நடந்து ஐந்து வருடம் ஆகப்போகிற இந்த மாதமும் இருந்தது. எல்லாரும் போன பிறகு, கடைசியாக, சாமியார் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டான தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கனத்த உடம்பு முட்டி போட்டது. கம்பித் தட்டி வழியாக வந்த மூச்சை வைத்தே சாமியாருக்குத் தெரிந்துவிட்டது, கஸ்பார் என்று. நாற்பதைத் தொட்ட ஆள். சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிறான். கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்க முதல் ஆளாக வந்து நிற்பான்.

"என்னை ஆசீர்வதியுங்க சாமி, நான் பாவி," என்றான்.

"சொல்லுப்பா."

"நீங்கதான் சாமி சொல்லணும்."

"என்னத்த?"

"நான் என்ன பாவம் செஞ்சேன்னு."

இத்தனை வருடக் குருத்துவத்தில் ததேயு சாமியார் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டார். பாவத்தைக் குறைத்துச் சொன்னவர்கள் உண்டு. கூட்டிச் சொன்னவர்கள் உண்டு. தன் பாவத்தை விட்டுவிட்டு மாமியாருடைய பாவத்தை விலாவாரியாகச் சொன்ன மருமகள்கள் உண்டு. கேள்வித்தாளை வாத்தியாரிடமே திருப்பி நீட்டிய ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

"நான் கழுவல் போட்டவனில்லா சாமி. மறந்துட்டீயளா?" என்றான் கஸ்பார்.

மறப்பாரா? பெரும்புயல் வந்த வருடம் அது. முன்னெல்லாம் எப்போதோ ஒன்று வந்துகொண்டிருந்த புயல், கடல் சூடாகிப்போன பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று என்று வர ஆரம்பித்திருந்தது. அந்தப் பெரும்புயலுக்குப் பிறகு ஊரில் பாதிப் பேருக்குத் தூக்கம் போய்விட்டது. அப்போதுதான் மருத்துவ முகாம் போட்டு அந்த ஊசியைக் கொண்டுவந்தார்கள். அதற்கு டாக்டர்கள் வைத்த பேர் நீளமானது. ஊர் வைத்த பேர் கழுவல். ஊசியைப் போட்டு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். எந்த நினைவு ஆளைத் தின்கிறதோ, அதை ஒன்றுவிடாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அந்த நினைவு தனக்குத்தானே பூட்டிக்கொள்ளும். சொன்னது போய்விடும், சொல்லாதது தங்கிவிடும். வித்தை அவ்வளவுதான்.

சாமியார் அதைத் தப்பென்று ஒருநாளும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. தூங்காத கண்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். ஆனால் அதற்குப் பிறகு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருகிறவர்கள் மாறிப்போனார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய், அது எப்படிப் போனது என்பதைக் கழுவிவிட்டு வந்து, "எதுக்குன்னு தெரியல சாமி, தண்ணிச் சத்தம் கேட்டா அழுக வருது," என்பாள். காரணம் தெரியாத அழுகைக்கு என்ன ஆறுதல் சொல்வது? கூட உட்கார்ந்து அழுதார்.

"புயல்ல நடந்தத எல்லாம் டாக்டரம்மாகிட்ட சொல்லியிருக்கேன் போல. அது போயிட்டு," என்றான் கஸ்பார். "ஆனா இங்க வந்து முட்டி போட்டது ஞாபகம் இருக்கு சாமி. பொட்டப்புள்ள மாதிரி அழுதேன். நீங்க தொட்டிய விட்டு எழும்பி வந்து, என் தலையக் கட்டிப் புடிச்சு நீங்களும் அழுதீய. பாவத்துக்குப் பரிகாரமா அபராதம்னு ஒண்ணு குடுத்தீய. என்ன அபராதம்னு யோசிச்சா, பல்லு விழுந்த எடம் மாதிரி இருக்கு. நாக்கு போவுது, அங்க ஒண்ணும் இல்ல."

"இத மட்டும் ஏம்ப்பா டாக்டர்கிட்ட சொல்லாம விட்ட?"

"பாவசங்கீர்த்தனத்துல நடந்தத வெளிய சொல்லக் கூடாதில்லா?"

சாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி மனுசா! அது எனக்குச் சட்டம்டா. உனக்கு இல்ல. நீ ஊரெல்லாம் சொல்லலாம்."

"நெசமாவா? சின்னதுல புதுநன்மை எடுக்கும்போது உபதேசியார் அப்படிச் சொல்லலியே. வாயத் தொறந்தா நாக்கு அழுகிரும்னுல்லா சொன்னாரு."

சிரிப்பு வந்தது சாமியாருக்கு. அடுத்த நொடியே அது அடங்கிவிட்டது. சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டு இந்த வெள்ளந்தி மனிதன் பாதியைக் கழுவிவிட்டுப் பாதியைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். பாவம் போய்விட்டது, அபராதம் மட்டும் பேர் தெரியாமல் நெஞ்சில் நின்றிருக்கிறது.

"இங்க பாரு கஸ்பாரு. மன்னிப்பு அன்னைக்கே குடுத்தாச்சு. அதுல பாக்கி ஒண்ணும் இல்ல. அபராதத்த நான் மாத்திக் குடுக்கலாம், எனக்கு அதிகாரம் இருக்கு. ஒரு செபமாலை சொல்லு, போதும்."

"ஒரு செபமாலையில தீருததுக்கா சாமி நீங்க அப்படி அழுதீய?"

சாமியார் தட்டியை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வள்ளத்துல கத்தியத் தொட்டா கை மரத்துப் போவுது," என்று கஸ்பார் மெதுவாகச் சொன்னான். "வலை சிக்கிக்கிட்டா அறுக்கதுக்குக் கூடப் பயலுவளக் கூப்பிடுதேன். சிரிக்கானுவ. கைக்குத் தெரியுது சாமி, எனக்குத்தான் தெரியல. நீங்க சொல்லலைன்னா திங்கக்கிழமை ஆசுபத்திரிக்குப் போயி பூட்டத் தொறந்துரப் போறேன். அஞ்சு வருசம் வரைக்கும்தான் தொறக்கலாமாம். இந்த மாசத்தோட முடியுது. அதுக்கப்புறம் தலகீழா நின்னாலும் கெடைக்காது."

"தொறக்காதப்பா."

"ஏன்?"

"உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன்."

"நீங்க கெஞ்சுததப் பாத்தா இன்னும் பயமா இருக்கு சாமி," என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போனான்.

அவனே கேட்கிறான், அவன் பாவத்தை அவனிடமே, தொட்டிக்குள் வைத்தே சொல்வதில் குற்றமில்லை என்று திருச்சபைச் சட்டம் படித்தவர்கள் வாதாடக்கூடும். சாமியாரை நிறுத்தியது சட்டமில்லை, பயம். கழுவல் போடுவதற்கு முந்தின நாள் கஸ்பார் வேட்டி சட்டையோடு கடலுக்குள் இறங்கி நடந்தவன். அவன் மனைவி பிலோமி ஓடிப்போய்த் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து கரையில் போட்டாள். பூட்டைத் திறந்தால் நினைவு பழசாக வராது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். நேற்று நடந்த மாதிரி பச்சையாக வரும்.

நடந்தது இதுதான். புயலில் லெயோன் என்ற பையனுடைய வள்ளத்தை ஓட்டும் பேட்டரி செத்துப்போனது. கஸ்பார் கயிறு போட்டு அதை இழுத்துவந்தான். கஸ்பார் வள்ளத்தில் அவனும் இரண்டு வேலைக்காரப் பயல்களும். லெயோன் அந்த வள்ளத்தில் ஒற்றை ஆள். அலை ஏற ஏற, இழுக்கிற வள்ளமும் கவிழப் பார்த்தது. கஸ்பார் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். இருட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பயல்கள் அதைப் பார்க்கவில்லை. லெயோன் கரைக்கு வரவில்லை. கயிறு தானாக அறுந்துபோனது என்று ஊர் நம்பியது. கழுவலுக்குப் பிறகு கஸ்பாரும் அதையே நம்பினான்.

லெயோனை வளர்த்து ஆளாக்கிய அக்காதான் பெர்பெத்தா. சனிக்கிழமைதோறும் லெயோன் தன் பாட்டில், அதாவது தான் பிடித்துவந்ததில், ஒரு நல்ல மீனை ஒதுக்கிவந்து அக்காவிடம் கொடுப்பானாம். "இது விக்கதுக்கு இல்ல, திங்கதுக்கு," என்பானாம். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் அழுகைக்கு நடுவே சொன்னவன் கஸ்பார்தான். "இனிமே அந்த மீனை நீ கொண்டுபோய்க் குடு, அதுதான் உனக்கு அபராதம்," என்று சாமியார் சொன்னார். ஆனால் சனிக்கிழமை வருவதற்குள் கஸ்பார் கழுவல் போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி கடலுக்குப் போய்விட்டான். அந்த மீனைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லியிருப்பான், அபராதத்தின் நினைவும் அதோடு போய்விட்டது. அபராதம் அனாதையாகக் கிடந்தது. மனசு கேட்காமல் சாமியார் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் அவர் கொண்டுபோன பாறை மீனைக் கையில் வாங்கியதும் பெர்பெத்தா முகத்தைச் சுளித்தாள்.

"சாமி, இது போன வாரமே பூசை கேட்டுட்டுப் போய்ச் சேந்துட்டே."

"நல்லாத்தானேம்மா இருக்கு. கண்ணு தொறந்திருக்கே."

"செத்த மீனு கண்ண மூடுமாக்கும்? உக்காருங்க."

முற்றத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். தலைக்கு மேல் துணிக்கொடி. பெர்பெத்தாவின் சேலை ஒன்று அதில் காய்ந்துகொண்டிருந்தது. துணி காயப்போட எதற்கு இவ்வளவு தடித்த கயிறு என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

"நேத்து பிலோமி வந்து அழுதா," என்றாள் பெர்பெத்தா. "கஸ்பாரு திங்கக்கிழமை பூட்டத் தொறக்கப் போறானாம்."

சாமியார் முகம் வெளிறியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். தலையக்கூட ஆட்டாண்டாம். நான் பேசுதேன், நீங்க மீனப் பாத்துக்கிட்டு இருங்க."

சாமியார் மீனைப் பார்த்தார்.

"தம்பி வள்ளம் கரை ஒதுங்குனப்ப முதல்ல போயிப் பாத்தது நான்தான். வள்ளத்து மூக்குல கயிறு தொங்கிச்சு. தானா அறுந்த கயிறு நூலு நூலா பிரிஞ்சு நிக்கும் சாமி. இது வாழைத்தண்ட நறுக்குன மாதிரி இருந்துச்சு. வேற யாரு கண்ணுலயும் படுததுக்குள்ள அவுத்து மடியில கட்டிக் கொண்டாந்துட்டேன். அந்தா கெடக்கு பாருங்க, கொடியா."

சாமியார் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரு அறுத்தான்னு கேக்கணுமா? இழுத்துட்டு வந்தது ஒரே வள்ளம். ஏசுனேன் சாமி. மனசுக்குள்ள நாளெல்லாம் அவன ஏசுனேன். அவன் எடத்துல நான் இருந்தா அறுத்திருப்பனா மாட்டனான்னு யோசிச்சேன். இன்னைக்கு வரைக்கும் பதில் தெரியல. அப்பந்தான் அவன் கடலுக்குள்ள எறங்கிட்டான்னு கேள்விப்பட்டேன். ஏசிக்கிட்டே போயி பிலோமிகிட்ட, அவன முகாமுக்குக் கூட்டிட்டுப் போன்னு சொன்னேன். எதுக்குன்னு அவளுக்குத் தெரியாது. ஒரு கயித்துக்கு ரெண்டு உசுரு எதுக்கு? ஞாபகம் வச்சுக்கிடுததுக்கு நான் ஒருத்தி போதும்னு இருந்துட்டேன்."

வாராவாரம் தான் மீனைத் தூக்கிக்கொண்டு வந்ததே ஒரு இரகசியத்தை உடைத்துவிட்டதோ என்ற பயம் இத்தனை வருடம் சாமியாரை அரித்திருந்தது. அதை எப்படிக் கேட்பது? கேட்டாலே குற்றம்.

பெர்பெத்தாவே சொன்னாள். "உங்க மீனு எனக்கு ஒண்ணும் சொல்லல சாமி, பயப்படாதீய. கயிறு முந்தியே சொல்லிட்டுது. உங்க மீனு நாத்தத்தத் தவிர வேற எதையும் சொன்னதில்ல."

அப்பாடா என்று ஒரு பெருமூச்சு வந்தது. அதையும் இருமலாக மாற்றிவிட்டார் சாமியார்.

"அவன் தெரிஞ்சுதான் ஆவேன்னு நிக்கான்," என்றாள் பெர்பெத்தா. "தெரியட்டும். ஆனா ஆசுபத்திரி நாற்காலில ஊசியும் கையுமா ஒத்தையில உக்காந்து அதப் பாக்காண்டாம். இங்க வந்து பாக்கட்டும். நான் கூட இருக்கேன்."

சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கரைக்கு இறங்கினாள். கஸ்பார் வள்ளம் அப்போதுதான் கரையேறியிருந்தது. கரை முழுக்கக் கேட்கிற மாதிரி அவள் குரல் எழுந்தது.

"ஏல கஸ்பாரு! இந்தச் சாமிக்கு மீன் வாங்கத் தெரியலல! வாராவாரம் ஊசிப்போனதத் தின்னு என்னால ஆவாது. ஒன் பாட்டுல நல்ல மீனா ஒண்ணு எடுத்துட்டு வீட்டுக்கு வா!"

கரையே சிரித்தது. கஸ்பார் மட்டும் சிரிக்கவில்லை. ஐந்து வருடமாக அந்த வீட்டு வாசலை அவன் மிதித்ததில்லை. ஏன் மிதிக்கவில்லை என்று அவனுக்கே தெரியாது. அந்தத் தெரு வந்தால் கால் தானாக வேறு பக்கம் திரும்பிவிடும்.

பெர்பெத்தா திரும்பி வந்தபோது சாமியார் துணிக்கொடியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"அது அங்கேயே கெடக்கட்டும்," என்றாள். "மறைச்சு வச்சா, பின்னால நான் போடுத சோத்த அவன் நம்ப மாட்டான். நீங்க கோயிலுக்குப் போங்க."

சாமியார் போனார். கோயில் வாசலில் இருந்து பார்த்தால் அந்தத் தெருமுனை தெரியும். கஸ்பார் ஒரு பெரிய ஊளி மீனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். முனையில் நின்றான். திரும்பிவிடுவானோ என்று சாமியாருக்குப் பதைத்தது. பிறகு உள்ளே போனான். போனவன் வெளியே வரவில்லை. சாமியார் செபமாலையைக் கையில் எடுத்தார்; மூன்றாவது மணியைத் தாண்டி விரல் ஓடவில்லை. மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார். கடல் பக்கம் யாராவது ஓடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இவனுக்கு ஏதாவது ஆனால் என்னால் தாங்க முடியாது ஆண்டவரே என்று வாய்விட்டே சொன்னார்.

சாயந்திரம் பூசைக்கு முன்னால் தொட்டியில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் கனத்த உடம்பு முட்டி போட்டது. மீன் வாடை குப்பென்று அடித்தது.

"என்னை ஆசீர்வதியுங்க சாமி, நான் பாவி." கஸ்பார்தான். "கொடிக்கயித்தப் பாத்தேன்."

சாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஞாபகம் வரல சாமி. இப்பவும் வரல. ஆனா அந்தக் கயித்து முனையப் பாத்ததும் கை சொல்லிட்டுது, நான்தான்னு. அப்படியே அக்கா கால்ல விழுந்துட்டேன். எம்புட்டு நேரம் கெடந்தேன்னு தெரியல. அவுக என் முதுகத் தடவிக்கிட்டே இருந்தாவ. அப்புறம் என்ன சொன்னாவ தெரியுமா? 'அழுதது போதும்ல, மீனு கெட்டுப் போவும், வெட்டு'ன்னு அருவாமனையத் தள்ளுனாவ."

"வெட்டுனியா?"

"கை வரல. அவுக என் கை மேல கைய வச்சாவ. ரெண்டு பேருமா வெட்டுனோம். எனக்கும் சோறு போட்டாவ சாமி. லெயோன் உக்காருத எடத்துல உக்காத்தி வச்சு, அவன் கொண்டாருத சனிக்கிழமை மீனப் பத்திச் சொன்னாவ."

வெளியே பூசைக்கு முதல் மணி அடித்து ஓய்ந்தது.

"திங்கக்கிழமை?" என்று கேட்டார் சாமியார்.

"போவல. மிச்சத்த அவுக சொல்லுதேன்னாவ, கொஞ்சம் கொஞ்சமா. சரி, இப்பம் என் அபராதத்த சொல்லுங்க சாமி. உங்க வாயால கேக்கணும்."

"ஒவ்வொரு சனிக்கிழமையும்…"

"ஒரு மீனு," என்றான் கஸ்பார். "விக்கதுக்கு இல்ல, திங்கதுக்கு. அதானா?"

"அதான்."

"எத்தன நாளைக்கு?"

"அவ போதும்னு சொல்ற வரைக்கும்."

"அவுக சொல்ல மாட்டாவளே."

"தெரியும்டா."

கஸ்பார் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். பிறகு ஏதோ உறைத்தது போலக் கம்பித் தட்டிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான்.

"அப்பம் இத்தன வருசமா, சனிக்கிழமை சனிக்கிழமை நீங்க அங்க கொண்டு போனது…"

"அதைப் பத்தி நான் பேசக் கூடாதுப்பா."

"உங்களுக்குத்தான சட்டம்? எனக்கு இல்லன்னு சொன்னீயில்லா?"

"உனக்கு இல்ல."

"அப்பம் நான் ஊரெல்லாம் சொல்லலாம்?"

"என்னத்தச் சொல்லப் போற?" என்று பதறினார் சாமியார்.

"எங்க சாமிக்கு மீன் வாங்கத் தெரியாதுன்னு."

அது ஊருக்கு ஏற்கெனவே தெரியும்டா என்று சொல்லத்தான் சாமியார் வாயைத் திறந்தார். ஆனால் தொட்டியின் கதவைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்து, அந்தப் பெரிய தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பூசைக்கு இரண்டாம் மணியும் அடித்துவிட்டது. கோயில் நிறைய ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சாமியார் விடவில்லை.